துணுக்குக்குக் கீழே இருந்த பெயர்களைத் திருப்பித் தாருங்கள்: ஒரு வார இதழின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கும் பதிப்பகத்தாருக்கும்,

உங்கள் வார இதழின் பழைய பக்கங்களிலிருந்து நகைச்சுவைத் துணுக்குகளைத் தேர்ந்தெடுத்து, கெட்டி அட்டை போட்டு நீங்கள் வெளியிட்டிருக்கும் தொகுப்பில், ஒரு துணுக்கின் கீழேகூட அதை எழுதியவரின் பெயர் இல்லை. எழுதியவர்களின் பெயர்கள் காலப்போக்கில் கிடைக்காமல் போய்விட்டன என்று முன்னுரையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. துணுக்கு எந்தப் பக்கத்தில் இருந்ததோ அதே பக்கத்தில், அதன் கடைசி வரிக்கு அடுத்து, வலப்புறம் ஒதுங்கினாற்போல எழுதியவரின் பெயரும் ஊரும் அச்சாகியிருந்தன. படத்தையும் வசனத்தையும் எடுத்துக்கொண்டவர்கள், கத்தரிக்கோலை அந்த ஒரு வரிக்கு மேலே நிறுத்தியிருக்கிறீர்கள். இதை ஊகமாகச் சொல்லவில்லை. என் பெற்றோர் இருவரும் எழுதி உங்கள் இதழில் வெளிவந்த துணுக்குகள், பெயரோடும் தேதியோடும் வெட்டி ஒட்டப்பட்ட நோட்டுப் புத்தகங்களில் எங்கள் வீட்டில் இருக்கின்றன. உங்கள் தொகுப்பையும் அந்த நோட்டுகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

இதை முதலில் உங்களுக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன், தனிப்பட்ட கடிதமாகவே அனுப்பினேன். துணுக்குகளுக்குத் தனித்தனியே பெயர் போடுவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலுக்குப் பிறகுதான் இந்த மடலைப் பொதுவில் வைக்கிறேன். உங்கள் இதழின் பெயரை இங்கே எழுதாமல் விட்டதற்குக் காரணம், இதே காரியத்தை வேறு சிலரும் செய்துவருகிறார்கள் என்பதே. அவர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். என் பெற்றோரின் பெயர்கள் பதிவுத் தபாலில் உங்களுக்குத் தரப்பட்டிருக்கின்றன. இங்கே அந்த இருவரை மட்டும் முன்னால் நிறுத்த நான் விரும்பவில்லை, ஏனென்றால் விடுபட்டவை எல்லாருடைய பெயர்களும்தான்.

ஒரு துணுக்கு எப்படி உருவாயிற்று என்பதை உங்கள் குழுவில் இன்று இருக்கும் இளையவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. என் தந்தை கும்பகோணத்தில் தொலைபேசி நிலைய ஆபரேட்டராக இருந்தார். இரவுப் பணியில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டுக்கு முன்னால், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும்போது, அழைப்பு இல்லாத இடைவெளிகளில், அழைப்பு விவரம் எழுதிக் கெட்டுப்போன டிரங்க் டிக்கெட் சீட்டுகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுவார். விடிந்து வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவிடம் படித்துக் காட்டுவார். அம்மா சிரிக்காவிட்டால் அது அஞ்சலட்டைக்குப் போகாது. சிரித்தாலும், கடைசி வரியில் ஒரு சொல்லை முன்னே பின்னே மாற்றச் சொல்வார், பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும். பிறகு ஓர் அட்டைக்கு ஒரு துணுக்கு என்ற கணக்கில், இரண்டு பேர் பேசிக்கொள்வதாக நான்கு வரிகள். அட்டையின் அடியில் பெயர், ஊர். அனுப்பியவற்றில் பெரும்பகுதி வெளிவராது. வெளிவந்தால் இதழ் ஒரு காகிதப் பட்டை சுற்றித் தபாலில் வரும், சில வாரங்கள் கழித்துச் சன்மானம் மணியார்டராக வரும். அந்த மணியார்டர் பாரத்தின் அடிப்பகுதியைத் தபால்காரர் கிழித்துக் கொடுப்பார். அதில் இந்தத் தேதியிட்ட இதழில் வெளியான துணுக்குக்கு என்று உங்கள் அலுவலகத்துக் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்தக் கூப்பன்களையும் அப்பா துணுக்கின் அருகிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். பெயர்கள் கிடைக்கவில்லை என்று சொல்லும் நிறுவனம், ஒரு காலத்தில் அந்தப் பெயர்களைத் தானே எழுதிப் பணம் அனுப்பியிருக்கிறது.

பெயரோடு ஊரும் சேர்ந்து வந்தது என்பதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். கதை எழுதியவருக்கும் தொடர்கதை எழுதியவருக்கும் இதழில் பெரிய எழுத்தில் பெயர் கிடைத்தது, படம் கிடைத்தது, வாசகர் கடிதம் கிடைத்தது. துணுக்கு எழுதியவருக்குக் கிடைத்தது அந்த ஒற்றை வரி மட்டுமே. வங்கி குமாஸ்தாவும், ஆரம்பப் பள்ளி ஆசிரியரும், ரயில்வேயில் வேலை பார்த்தவரும், மதியம் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய பெண்களும் அந்த ஒரு வரிக்குள் இருந்தார்கள். அம்பாசமுத்திரம், சீர்காழி, திருவாரூர், ஆம்பூர் என்று ஊர்ப்பெயர்கள் வாராவாரம் வந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து படிக்கும் வாசகருக்கு அந்தப் பெயர்கள் அத்துப்படியாகிவிடும். துணுக்கைப் படிக்கும் முன்பே, கீழே யார் பெயர் என்று பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்கியவர்களை நானே அறிவேன். இன்னார் எழுதினால் மன்னர் ஜோக்தான், இன்னார் எழுதினால் டாக்டரும் நர்ஸும்தான், இன்னாருக்கு மாமூல் கேட்கும் ஏட்டும் கபாலியும் இல்லாமல் எழுத வராது என்றெல்லாம் வீடுகளில் பேசிக்கொள்வார்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி நடை இருந்தது. பெயரை எடுத்துவிட்டு ஆயிரம் துணுக்குகளை வரிசையாக அடுக்கினால், எல்லாம் ஒரே ஆள் எழுதியது போலத் தெரிகிறது. தொகுப்பைப் படித்து முடித்தபோது எனக்கு ஏற்பட்ட சலிப்புக்கு அதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழ்ப் பத்திரிகை உலகம் நகைச்சுவையை அலட்சியமாக நடத்திய உலகம் என்று யாரும் சொல்ல முடியாது. 1926இல் தொடங்கிய ஆனந்த விகடனை 1928இல் எஸ்.எஸ்.வாசன் ஏற்று நடத்தத் தொடங்கிய பிறகு, நகைச்சுவையே இதழின் முகமாயிற்று. மாலியின் கோடுகளும், அவருக்குப் பின் கோபுலுவின் கோடுகளும், வசனமே இல்லாமல் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தையும் கோயில் திருவிழாவின் நெரிசலையும் காட்டின. 1941இல் கல்கியும் 1947இல் குமுதமும் வந்தபின் சிரிப்புத் துணுக்கு இல்லாத வார இதழ் என்பதே தமிழில் அரிதாகிவிட்டது. அந்த ஓவியர்களின் கையெழுத்துப் படத்தின் மூலையில் இருந்தது. துணுக்கை எழுதியவரின் பெயர் வசனத்தின் அடியில் இருந்தது. ஓவியர் தாமே யோசித்து வரைந்த சிரிப்பும் உண்டு, வாசகர் எழுதி அனுப்பிய துணுக்குக்கு ஓவியர் படம் போட்டதும் உண்டு. எது எது என்று வாசகருக்குத் தெரியும்படி இரண்டையும் அச்சிட்டார்கள். உங்கள் தொகுப்பில், பக்கத்தில் இடம் போதாத இடங்களில் ஓவியரின் கையெழுத்தையும் சேர்த்தே வெட்டியிருக்கிறீர்கள். கோடு ஒன்றே போதும் என்று அடையாளம் கண்டுகொள்ள இன்னும் சிலர் இருக்கிறோம். இன்னும் இருபது ஆண்டுகளில் இருக்க மாட்டோம்.

ஜோக் என்பது யாருக்கும் சொந்தமில்லை, காற்றில் வந்தது காற்றில் போவது என்ற வாதத்தை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். தெனாலிராமன் கதைக்கும், ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கஞ்சன் கதைக்கும் அது பொருந்தும். அவை வாய்வழி வந்தவை, சொன்னவர் ஒவ்வொருவரும் அவற்றுக்குச் சொந்தக்காரர். ஆனால் அச்சில் ஏறியவுடன் நிலைமை மாறிவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டு 1822இல் லண்டனில் அச்சான பரமார்த்த குரு கதையை இன்றைக்கும் வீரமாமுனிவர் பெயரைச் சொல்லித்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதில் வரும் மட்டிக்கும் மடையனுக்கும் முன்மாதிரியான முட்டாள் கதைகள் வாய்மொழியில் எத்தனை இருந்திருந்தாலும், எழுதிச் செப்பனிட்டவரின் பெயரை யாரும் நீக்கவில்லை. ஒரு பழைய வேடிக்கையை எடுத்துத் தன் ஊர், தன் தொழில், தன் காலம் ஆகியவற்றுக்குள் பொருத்தி நான்கு வரியில் அடக்குவது உழைப்பு. உங்கள் அலுவலகத்தில் அன்றிருந்த உதவி ஆசிரியர்கள் அந்த நான்கு வரியை மூன்றாக்கி மெருகேற்றியதும் உழைப்புத்தான், அதை நான் மறுக்கவில்லை. அவர்களே அந்த உழைப்புக்குப் பிறகும் அடியில் வாசகரின் பெயரைத்தான் போட்டார்கள்.

பெயரோடு சேர்ந்து வேறு சிலவும் போய்விட்டன. எழுபதுகளில் வெளிவந்த என் தந்தையின் துணுக்கு ஒன்று, நோட்டில் உள்ளபடி:

"ரெண்டு மணி நேரம் பேசற தலைவரை மூணே நிமிஷத்துல முடிக்க வெச்சுட்டீங்களே, எப்படி?"

"மேடைக்குப் பின்னாடி டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தரை உட்கார வெச்சேன். 'த்ரீ மினிட்ஸ் ஓவர்'னு அவர் சொன்னதும், பழக்க தோஷத்துல மைக்கை வெச்சுட்டுப் போயிட்டார்!"

வெளியூருக்குப் பேசுவதற்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மூன்று நிமிடம் ஓர் அலகு. மூன்று நிமிடம் முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கே வந்து சொல்வார், அடுத்த மூன்று நிமிடத்துக்குத் தனிக் கட்டணம். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டே பேச்சை முடித்தார். தம் குரலுக்கு இருந்த அந்தச் சிறிய அதிகாரத்தை ஓர் ஆபரேட்டர் தாமே கண்டு எழுதிய துணுக்கு இது. உங்கள் தொகுப்பில், இன்றைய வாசகருக்குப் புரிய வேண்டும் என்று எண்ணினீர்கள் போலும், ஆபரேட்டரை நீக்கிவிட்டு, "பின்னாடி ஒருத்தரை செல்போனோட உட்கார வெச்சேன்" என்று மாற்றியிருக்கிறீர்கள். செல்போனில் மூன்று நிமிடத்தில் யார் நிறுத்தச் சொல்கிறார்கள்? துணுக்கில் சிரிக்க ஒன்றுமே மிஞ்சவில்லை. அடிக்குறிப்பாக ஒரே ஒரு வரி போட்டிருந்தால் போதும், புரியாதவருக்கும் புரிந்திருக்கும், ஒரு தலைமுறையின் தொலைபேசி வாழ்க்கையும் தெரிந்திருக்கும்.

அடுத்தது அம்மாவுடையது. ஒரே இதழில் ஒரே பெயரில் இரண்டு துணுக்கு போட மாட்டார்கள் என்பதால் அப்பா தம் துணுக்குகளை மனைவி பெயரில் அனுப்பினார் என்று உறவினர்கள் சிலர் இன்றும் நினைக்கிறார்கள். அது தவறு. அம்மா பெயரில் வந்தவை அம்மா எழுதியவை. அவற்றில் ஒன்று:

"பக்கத்து வீட்டுல ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கிண்டு வரச் சொன்னா, ஏண்டா வெறுங்கையோட வர்றே?"

"அவங்க கிண்ணத்தோட நம்ம வீட்டுக்குத்தாம்மா கிளம்பிண்டிருந்தாங்க!"

தாயும் மகனும் பேசிக்கொள்ளும் துணுக்கு இது. மாதக் கடைசியில், ஒரே சம்பள நாளை நம்பி ஒரே தெருவில் குடியிருந்த குமாஸ்தாக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் டப்பா காலியாகும் என்பதே அதில் உள்ள சிரிப்பு. தொகுப்பில் இதைக் கணவனும் மனைவியும் பேசுவதாக மாற்றி, மனைவிமார்களைக் கேலி செய்யும் துணுக்குகளுக்கான பகுதியில் சேர்த்திருக்கிறீர்கள். அடியில் ஒரு பெண்ணின் பெயர் இருந்திருந்தால், அந்தப் பகுதியில் சேர்க்கும்போது உங்கள் பக்கம் அமைப்பவரின் கை சற்றுத் தயங்கியிருக்கும். அந்தக் காலத்துத் துணுக்குகள் என்றாலே ஆண்கள் பெண்டாட்டியையும் மாமியாரையும் கேலி செய்தவை என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. அப்படிப்பட்டவை நிறையவே இருந்தன, உண்மை. ஆனால் பெண்கள் எழுதியவையும் நிறைய இருந்தன என்பதற்கான ஒரே சான்று அந்தப் பெயர் வரிதான். அம்மாவுக்கு இப்போது எண்பது வயது கடந்துவிட்டது. தொகுப்பைக் கையில் வாங்கி, தம்முடைய துணுக்கைப் படித்து, "இது நான் எழுதினது இல்லையே" என்றார். அவர் எழுதியதாக அடையாளம் காட்டிக்கொள்ள அவருக்கே மனம் வராதபடி அது மாறியிருக்கிறது.

தேதியை விட்டதும் பெரிய குறைதான். 1965, 1966ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு அரிசிக்கு அல்லாடியது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் எடுபட்டதற்கு அந்தப் பஞ்ச நிலையே காரணம். அந்த நாட்களில் அப்பா எழுதியது: "ரேஷன் அரிசியில கல்லு இருக்குன்னு புகார் எழுதினீங்களே, என்ன ஆச்சு?" "நடவடிக்கை எடுத்துட்டாங்க. இப்பல்லாம் கல்லைத் தனியா எடை போட்டுக் கொடுக்கறாங்க!" இதைத் தேதியோடு படித்தால், வரிசையில் பை பிடித்து நின்றவர்கள் தங்கள் கோபத்தை எப்படிச் சிரிப்பாக்கிக்கொண்டார்கள் என்பது விளங்கும். தேதியில்லாமல் படித்தால் ஏதோ ஒரு ரேஷன் கடை ஜோக். உங்கள் இதழின் பழைய துணுக்குகள் தமிழ்நாட்டு நடுத்தர வாழ்க்கையின் ஆவணம் என்று முன்னுரையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆவணம் என்று சொல்லிவிட்டால் யார், எப்போது என்ற இரண்டையும் சேர்த்துத்தான் தர வேண்டும்.

நிறத்தையும் சாதியையும் உடற்குறையையும் வைத்து எழுதப்பட்ட பழைய துணுக்குகளை இன்று மறுபடி அச்சிடக் கூடாது என்பதில் எனக்கு உங்களோடு முழு உடன்பாடு உண்டு. அவற்றை விட்டுவிடுங்கள். என் பெற்றோர் எழுதியவற்றில் அப்படி ஏதேனும் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை தொகுப்பவருக்கு உண்டு. சேர்த்துக்கொண்ட பிறகு, எழுதியவருக்குத் தெரியாமல் வசனத்தை மாற்றும் உரிமை இல்லை.

இதைச் சட்டமும் சொல்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை ஆக்கியவரே. பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் எழுதியவற்றுக்கு அதில் விதிவிலக்கு உண்டு. அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிய வாசகர்கள் உங்கள் ஊழியர்கள் அல்லர். உரிமையை மாற்றித் தருவதானால் எழுத்து வடிவில், கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. என் பெற்றோர் அப்படி எதிலும் கையெழுத்திட்டதில்லை. உரிமையையே விற்றுவிட்டாலும்கூட, இதை எழுதியவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தம் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் எழுதியவரிடமே இருக்கும் என்பது 57ஆம் பிரிவு. அவர் காலத்துக்குப் பின் வாரிசுகள் அதைக் கோரலாம். நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணத்தோடு இவற்றை எடுத்துக்காட்டவில்லை. பெயர் போடுவதை உங்கள் தயவாக நீங்கள் கருதிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

நடைமுறையில் சாத்தியமில்லை என்ற பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் அலுவலகத்தில் ஆண்டுவாரியாகப் பைண்டு செய்த இதழ்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்துதான் துணுக்குகளை எடுத்தீர்கள். சில பக்கங்கள் செல்லரித்திருந்தால், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கன்னிமாரா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனியொருவர் தம் வாழ்நாளில் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் இன்று ஒரு நூலகமாக எழுந்து நிற்கும்போது, தன் சொந்த இதழின் பக்கத்தை மறுபடி புரட்டிப் பெயரைக் குறித்துக்கொள்வது ஒரு நிறுவனத்துக்கு இயலாத காரியம் என்று சொல்வது பொருந்தாது.

ஆகவே நான் கேட்பவை இவை. தொகுப்பின் அடுத்த அச்சில் ஒவ்வொரு துணுக்கின் கீழும் எழுதியவரின் பெயர், ஊர், இதழின் தேதி ஆகியவற்றை முன்பு இருந்தபடியே அச்சிட வேண்டும், ஓவியரின் கையெழுத்தை வெட்டாமல் படத்தைப் போட வேண்டும். இப்போது கடைகளிலும் கண்காட்சிகளிலும் விற்பனையில் இருக்கும் பிரதிகளுக்குள் பக்க எண் வாரியாகப் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தனித்தாளாக அச்சிட்டு வைக்க வேண்டும். மின்னூலில் இந்தத் திருத்தத்தை உடனே செய்துவிடலாம், அதற்கு அச்சுச் செலவும் இல்லை. வசனம் மாற்றப்பட்ட துணுக்குகள் அனைத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு, மூல வடிவத்தையே திரும்பப் போட வேண்டும், தேவைப்படும் இடத்தில் அடிக்குறிப்புத் தரலாம்.

இரண்டாவதாக, பழைய துணுக்கு எழுத்தாளர்களும் அவர்களின் வாரிசுகளும் உங்களுக்கு எழுதும்படி உங்கள் இதழிலேயே ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும். தொகுப்பு விற்பனைக்கு வந்துவிட்டது, விலையும் குறைவில்லை. ஆகவே எழுதியவர்களுக்கு ஒரு சன்மானம் தருவதே முறை. தொகையை நீங்களே நிர்ணயியுங்கள். எங்களுக்குப் பணம் வேண்டாம். ஆனால் அந்தச் சன்மானம் இன்றும் உதவியாக இருக்கக்கூடிய முதியவர்கள் சிலரை நான் அறிவேன், அவர்களுக்குப் புத்தகத்தின் ஒரு பிரதிகூடப் போய்ச் சேரவில்லை.

மூன்றாவதாக, இந்தக் கோரிக்கைகளுக்கான உங்கள் பதிலை எனக்குத் தனிக் கடிதமாக அனுப்பாமல், துணுக்குகள் வெளிவந்த அதே இதழின் பக்கத்தில் வெளியிட வேண்டும். பெயர்களைச் சரிபார்க்க ஆள் இல்லை என்பது தடையாக இருந்தால், எங்கள் வீட்டு நோட்டுகளோடு நானே உங்கள் அலுவலகத்துக்கு வந்து பைண்டு வால்யூம்களைப் புரட்டிப் பட்டியல் எடுத்துத் தரத் தயாராக இருக்கிறேன். எந்த நாளில் வரலாம் என்று தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
துணுக்கு எழுத்தாளர்கள் இருவரின் மகள்,
கும்பகோணம்